அலுவலகத்தில் காசோலை எழுதுவதும் தபாலில் அனுப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே கொடுக்கப்படும் வேலைகளில் ஒன்று, முதலாளி கையெழுத்திட்ட காசோலைகளை உறையிலிட்டு அனுப்புவது. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் காசோலைகளை வங்கியில் கட்டுவது. பார்வைக்கு இது எடுபிடி வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரு குறிப்பிட்ட காசோலை இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், பதிவேட்டைப் புரட்டி உடனே பதில் சொல்ல முடிகிற அலுவலகங்கள் குறைவு. தமிழ்நாட்டு வணிக அலுவலகங்களின் கணக்குப் பிரிவுகளில் பல ஆண்டுகள் இருந்தபோது இளையவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இணையவழியில் பணம் அனுப்பும் காலத்தில் காசோலைக்கு இவ்வளவு கவனம் தேவையா?

வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் மாற்றும் முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. ஆகவே சரக்கு கொடுத்தவர் தம் வங்கிக் கணக்கு எண்ணைத் தர ஒப்புக்கொண்டால், காசோலை எழுதித் தபாலில் அனுப்புவதைவிட நேரடியாகக் கணக்குக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பதுதான் என் கருத்து. இருந்தாலும் கட்டட வாடகைக்கும், தவணைக்கடனுக்கும், கடனில் சரக்கு வாங்கும்போது நம்பிக்கைக்காகவும் காசோலை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்திருப்பதே ஒரு விதத்தில் ஆபத்தாகவும் இருக்கிறது: தினமும் முப்பது காசோலை எழுதிய அலுவலகத்தில் தானாகவே ஓர் ஒழுங்கு இருந்தது, மாதம் நான்கு எழுதும் அலுவலகத்தில் காசோலைப் புத்தகம் எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது.

காசோலைப் புத்தகம் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும்?

புத்தகத்தைப் பூட்டி வைத்திருப்பவர், காசோலையை எழுதுபவர், கையெழுத்திடுபவர், மாத இறுதியில் வங்கிக் கணக்கு அறிக்கையை நம் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஆகிய நான்கு பேரும் ஒருவராகவே இருந்துவிடக் கூடாது. சிறிய அலுவலகத்தில் நான்கு பேருக்கு வழியில்லை என்றால், ஒப்பிட்டுப் பார்ப்பவரையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கே சாட்சியாக இருக்கிறது. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் இடையிலான அந்த வழக்கில் தீர்ப்பு 1987-இல் வந்தது. நிறுவனத்தின் காசோலைப் புத்தகத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்த கணக்குப் பிரிவு ஊழியரே, மேலாண்மை இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகள் மூலம் ரூ. 3,26,047.92 எடுத்துவிட்டார். கணக்குகளையும் அவரே எழுதிவந்ததால் அது நெடுநாள் வெளியே தெரியவில்லை. போலிக் கையெழுத்து வாடிக்கையாளரின் உத்தரவே ஆகாது, ஆகவே நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று காட்டி வங்கி தப்பிக்க முடியாது என்று கூறி, பணத்தை வங்கியே கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் வென்றது என்பது உண்மைதான். ஆனால் அந்த வெற்றிக்காக உச்ச நீதிமன்றம் வரை நடக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதிய புத்தகம் வந்தவுடன் இலைகளை எண்ணிப் பார்த்து, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பதிவேட்டில் எழுதுங்கள். நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ ஓர் இலையைக் கிழித்து எடுத்தால் எளிதில் கண்ணில் படாது. திருடுபவர் மேலே இருக்கும் இலையை எடுப்பதில்லை. புதுப் புத்தகத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கும் வழக்கம் உள்ள அலுவலகம் என்றால், மேலட்டையில் வையுங்கள். முதல் இலையின் ஓரத்தில் வைத்தால் அந்தக் கறை வங்கியின் வருடியில் (ஸ்கேனரில்) படமாகி வந்து நிற்கும்.

முதலாளி வெளியூர் போகும்போது பத்து வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

நம் ஊர்களில் இது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பெரும்பாலும் ஊழியர்மீது வைத்த நம்பிக்கையின் அடையாளமாகவும் கருதப்படுகிறது. ஆனால் அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே ஊழியருக்குப் பாதுகாப்பு. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20-ஆம் பிரிவு, நிரப்பப்படாத ஆவணத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அதைப் பெற்றவருக்கு நிரப்பும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. தாமாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனைத் தீர்க்கக் கொடுக்கப்பட்டதாகவே ஊகிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் கூறியிருக்கிறது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவரைச் சேர்ந்தது. எனவே அந்தப் பத்து இலைகளில் ஒன்று காணாமல் போனால் சிக்கல் முதலாளிக்கு, சந்தேகம் உங்களுக்கு.

மறுப்பதற்குத் தயக்கமாக இருந்தால், "பெயரையும் தொகையையும் நான் இப்போதே எழுதித் தருகிறேன், பார்த்துக் கையெழுத்திடுங்கள் ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். எந்தெந்தத் தொகை தேவைப்படும் என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். பத்து இலை மூன்றாகிவிடும். வங்கியில் இரண்டாவது கையொப்பதாரர் ஒருவரைப் பதிவு செய்து வைப்பது இதைவிடவும் நல்ல ஏற்பாடு.

காசோலை எழுதும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

நீங்கள் கட்டும் காசோலை இன்று ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பயணம் செய்வதில்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். சி.டி.எஸ். என்னும் முறை 2008-இல் புது டெல்லியிலும், 2011-இல் சென்னையிலும், 2013-இல் மும்பையிலும் வந்தபின், தாள் கட்டிய வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அதன் படம் மட்டுமே மறுமுனைக்குச் செல்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் தாளைத் தொட்டோ வெளிச்சத்தில் பிடித்தோ பார்க்க முடியாது. படத்தில் தெளிவாக விழாத எதுவும் அவருக்கு இல்லாததுதான்.

அதனால் கருப்பு அல்லது அடர்நீல மையில், சொந்தப் பேனாவால் எழுதுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நீட்டும் பேனாவை வாங்காதீர்கள். சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையைக் கொண்டு கையெழுத்தைத் தவிர மற்ற அனைத்தையும் மாற்றி எழுதிய மோசடிகள் நடந்திருக்கின்றன. நிறுவன முத்திரை தேதி, பெயர், தொகை, கையெழுத்து ஆகியவற்றின்மேல் ஏறக் கூடாது. காசோலையின் அடிப்பகுதியில் காந்த மையில் அச்சிட்ட எண் வரிசை ஓடும் வெள்ளைப் பட்டையில் எழுதுவதோ, மடிப்பதோ, ஸ்டேப்ளர் அடிப்பதோ வேண்டாம்.

அடித்தல் திருத்தல் இருந்தால், பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பது பழைய காலத்து வழக்கம். சி.டி.எஸ். முறையில் தேதியைப் புதுப்பிப்பதற்கான திருத்தம் தவிர வேறு எந்தத் திருத்தமும் ஏற்கப்படுவதில்லை. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அந்த இலையை ரத்துசெய்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எழுத்தாலும் எண்ணாலும் எழுதிய தொகைகள் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் நடைமுறையில் அத்தகைய காசோலையை வங்கி திருப்பிவிடவே வாய்ப்பு அதிகம்.

நம் ஊரில் அதிகம் தவறுவது பெயரில்தான். தந்தையின் பெயர் முதலெழுத்தாக ஆதாரிலும், விரிந்து முழுப்பெயராகப் பான் அட்டையிலும், இடம் மாறி வங்கிக் கணக்கிலும் இருக்கும். கடைப்பெயரில் வரும் 'ஸ்ரீ' என்ற ஓர் எழுத்தை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். பெயர்ப்பலகையையோ பில்லையோ பார்த்து எழுதாமல், அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காசோலையைத் தமிழில் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய எதிலும் எழுதலாம்.

குறுக்குக்கோடு போட்டால் போதுமா? 'அக்கவுண்ட் பேயி' என்று எழுதவும் வேண்டுமா?

வெறும் இரண்டு கோடுகள், பணத்தைக் கவுண்ட்டரில் ரொக்கமாகத் தராமல் ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கின் வழியாகவே தர வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. கோடுகளுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயி ஒன்லி' என்று சேர்த்தால், பெயருக்குரியவரின் கணக்கைத் தவிர வேறு எவர் கணக்கிலும் வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. தபாலில் போகும் ஒவ்வொரு காசோலையும் இப்படித்தான் போக வேண்டும். அச்சில் உள்ள 'ஆர் பேரர்' (அல்லது கொண்டுவருபவருக்கு) என்ற சொற்களையும் அடித்துவிட வேண்டும். வரிக் கணக்கிலும் இதற்கு இடமுண்டு: ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் செய்யும் வணிகச் செலவு, அக்கவுண்ட் பேயி காசோலை வழியாகவோ வங்கி வழியாகவோ போகாவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, வருமான வரியில் செலவாகவே ஏற்கப்படாது.

வங்கியில் 'பாசிட்டிவ் பே' பதிவு செய்யச் சொல்கிறார்கள். அது என்ன?

நாம் எழுதிய காசோலையின் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை நாமே வங்கிக்கு முன்கூட்டித் தெரிவித்துவிடுவதுதான் அது. காசோலை வந்து சேரும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2021 ஜனவரி 1 முதல் ரூ. 50,000-க்கும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இந்த வசதி இருக்கிறது, ரூ. 5 லட்சத்துக்கும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு உரிமை உண்டு.

உறையை ஒட்டுவதற்கு முன்பே இந்தப் பதிவை முடித்துவிடுங்கள். மாலையில் செய்துகொள்ளலாம் என்று வைத்தால் இனி ஆபத்து. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் முறை போய், பகலில் வருவதை அவ்வப்போதே வருடியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். இன்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கட்டி நம் கணக்குக்கு வருவதற்குள் இரண்டு நாள் ஆகும், அதற்குள் வசூல் வந்துவிடும் என்று கணக்குப் போட்ட முதலாளிகள் நம்மிடையே ஏராளம். அந்த இரண்டு நாள் இப்போது இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் கணக்குப் பிரிவின் தலையில்தான் விழும்.

உறைக்குள் என்னென்ன வைக்க வேண்டும்?

காசோலையோடு ஒரு துணைக் கடிதம் அவசியம். எந்தப் பில்லுக்கு எவ்வளவு, டி.டி.எஸ். என்னும் வருமான வரிப் பிடித்தம் எவ்வளவு, திரும்பிய சரக்குக்கு எவ்வளவு கழித்தோம் என்பது அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் வெறும் காசோலை மட்டும் போனால், அடுத்த மூன்று நாள்களுக்குத் தொலைபேசிதான் பேசும். காசோலையின் இருபுறத்தையும் வருடியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மடித்து அதன் நடுவில் காசோலையை மடிக்காமல் வையுங்கள். உள்ளிருப்பது வெளியே தெரியாத தடித்த உறையாகத் தேர்ந்தெடுங்கள். உறையின்மேல் 'காசோலை உள்ளே' என்று பொருள்படும் எதையும் எழுதாதீர்கள்.

உறையில் போடுவதைக் காட்டிலும் முகவரியில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். திருப்பூரில் ஒரு சரக்குக்காரருக்கு அனுப்பிய காசோலை, அவர் காலி செய்து ஓராண்டாகியிருந்த பழைய கிடங்கு முகவரிக்குப் போய், அங்கிருந்த காவலாளி கையெழுத்துப் போட்டு வாங்கி, மின்சாரப் பெட்டியின் மேல் வைத்துவிட்டார். எங்கள் கணினியில் பழைய முகவரி. அவருடைய ஒவ்வொரு பில்லிலும் புது முகவரி. ஆறு வாரம் அவர் எங்களைத் திட்டினார், நாங்கள் தபாலைத் திட்டினோம். அன்று முதல் உறையின் முகவரியைக் கணினியிலிருந்து எடுக்காமல், கடைசிப் பில்லிலிருந்து எடுப்பது என் வழக்கமாயிற்று.

பதிவுத் தபாலா, ஸ்பீடு போஸ்ட்டா, கூரியரா?

பதிவுத் தபால் என்ற தனிச் சேவை இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சாதாரண ஸ்பீடு போஸ்ட் அந்த முகவரியில் இருக்கும் எவரிடமும் கொடுக்கப்படலாம். பெறுநரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் அதற்குத் தனியாக ரூ. 5-ம் வரியும் வாங்குகிறார்கள். பெறுநரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால்தான் தரும் சேவைக்கும் அதே கட்டணம். 50 கிராமுக்கு உட்பட்ட உறைக்கு உள்ளூரில் ரூ. 19, வெளியூருக்கு ரூ. 47, வரி தனி. காசோலைக்கு அந்த ஐந்து ரூபாயைச் சேமிக்க வேண்டாம். என் மின்சாரப் பெட்டிக் கதை அதற்குப் போதும்.

கூரியர் சில ஊர்களுக்கு விரைவாகப் போகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொலைந்தால் எவ்வளவு பொறுப்பேற்பார்கள் என்பதை ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். தபால் துறையும் காசோலையின் தொகைக்குப் பொறுப்பேற்பதில்லை. எதில் அனுப்பினாலும், அனுப்பிய தேதி, காசோலை எண், பெயர், தொகை, தபால் ரசீதில் உள்ள தொடர் எண், சேர்ந்த தேதி என்று ஆறு பத்திகள் கொண்ட அனுப்புகைப் பதிவேடு வேண்டும். ஆறாவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து, தொடர் எண்களை இணையத்தில் பார்த்து அதை நிரப்பிவிடலாம்.

தபாலில் போட்டுவிட்டால் பணம் கொடுத்ததாக ஆகிவிடுமா?

பணம் பெற வேண்டியவர் தபாலில் அனுப்பச் சொன்னாரா என்பதைப் பொறுத்தது. இதற்கு அடிப்படையாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கு. அவுந்து சமஸ்தானத்தில் விளக்கு முதலிய கண்ணாடிப் பொருள்கள் செய்த அந்த நிறுவனம், இந்திய அரசுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு, தொகையைக் காசோலையாக அனுப்பும்படி எழுதியிருந்தது. அரசு டெல்லியிலிருந்து தபாலில் அனுப்பியது. பணம் எந்த இடத்தில் பெறப்பட்டது என்பது வருமான வரிக்காக எழுந்த கேள்வி. பணம் பெற வேண்டியவரே தபாலில் அனுப்பச் சொன்னால் தபால் நிலையம் அவருடைய முகவர் ஆகிறது. ஆகவே டெல்லியில் தபாலில் சேர்த்தபோதே அவர் பெற்றுக்கொண்டார் என்று நீதிமன்றம் கூறியது. அப்படிச் சொல்லாமல் நாமாக அனுப்பினால் தபால் நம்முடைய முகவராகவே இருக்கிறது.

எனவே ஒவ்வொரு சரக்குக்காரரிடமும், "எங்களுக்கு உரிய தொகையைக் காசோலையாக இந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பவும்" என்று ஒருமுறை எழுதி வாங்கிக் கோப்பில் வைப்பது, ஐந்து நிமிட வேலையில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. ஆனால் காசோலை பணமில்லாமல் திரும்பினால் கடன் அப்படியே நிற்கும். அனுப்பிய ரசீது அதைத் தீர்க்காது.

நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னால்?

வருபவர் அந்த நிறுவனத்தின் கடிதத்தோடு வர வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து, வவுச்சரில் பெயர், கைப்பேசி எண், தேதி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தொகை ரூ. 5,000-க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டியே வாங்குங்கள். முத்திரைச் சட்டத்தின்படி காசோலை பெற்றதற்கான ஒப்புகையும் ரசீதுதான். "போன வாரமும் நான்தானே வந்தேன், அண்ணா" என்பது அடையாளச் சான்று ஆகாது. வெள்ளிக்கிழமை பணம் வெளியே கொடுக்காத கடைகளும், ராகு காலத்தில் கையெழுத்திடாத முதலாளிகளும் நம்மிடையே இருப்பதால், வெளியூரிலிருந்து வருபவரிடம் எந்த நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

அனுப்பிய காசோலை போய்ச் சேரவில்லை என்கிறார்கள். உடனே வேறு எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. முதலில் வங்கிக் கணக்கில் அந்த எண் பணமாகியிருக்கிறதா என்று பாருங்கள்; வாங்கிக் கட்டிவிட்டுத் தங்கள் கணக்கில் குறிக்க மறந்தவர்கள் உண்டு. பணமாகவில்லை என்றால் வங்கிக்கு எழுத்து மூலம் நிறுத்த உத்தரவு கொடுத்து, அதற்கான ஒப்புகையைப் பெறுங்கள். பிறகு, பழைய காசோலை கிடைத்தால் வங்கியில் கட்டாமல் திருப்பித் தருவதாகவும், மீறினால் இழப்பை ஈடுசெய்வதாகவும் அவரிடம் உறுதிக் கடிதம் வாங்குங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகே புதிய காசோலை. கையெழுத்திட்ட வெற்று இலை தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிடுங்கள்.

நிறுத்த உத்தரவு கொடுத்துவிட்டால் வழக்கே வராது என்று நினைக்கும் முதலாளிகளுக்கு ஒரு சொல்: பணம் தராமல் இருப்பதற்காக நிறுத்தினால், அதுவும் காசோலை திரும்பிய குற்றத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் மோடி சிமெண்ட்ஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. காரணம் தபாலில் தொலைந்ததுதான் என்று காட்ட உங்கள் அனுப்புகைப் பதிவேடுதான் உதவும்.

வெளியிலிருந்து வரும் காசோலைகளை எப்படிக் கையாள்வது?

தபாலைப் பிரிக்கும்போது இருவர் இருப்பது நல்லது. உறையைப் பிரித்த இடத்திலேயே, குறுக்குக்கோடு இல்லாத காசோலைக்குக் கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயி' முத்திரை குத்துங்கள். கையில் வைத்திருப்பவர் கோடிடலாம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 125-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. வரவுப் பதிவேட்டில் எழுதி, அன்றே வங்கியில் கட்டுங்கள். பெட்டியில் போட்டுவிட்டு வருவதைவிடக் கவுண்ட்டரில் கொடுத்து, செலுத்துச் சீட்டின் அடிக்கட்டையில் முத்திரை வாங்கி வாருங்கள். பெட்டி இருக்கிறது என்று சொல்லிக் கவுண்ட்டரில் வாங்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல், தயங்காமல் கேளுங்கள். பின்தேதியிட்ட காசோலைகளைத் தேதி வரிசைப்படி தனிக் கோப்பில் பூட்டி வைத்து, நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் கட்டினால் திரும்பிவரும்.

நமக்கு வந்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. என்னுடைய வேலை என்ன?

வங்கி தரும் திருப்புச் சீட்டு நம் கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கடிகாரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது: 30 நாள்களுக்குள் காசோலை கொடுத்தவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதைப் பெற்றதிலிருந்து 15 நாள்கள் அவருக்கு அவகாசம், அதற்குள்ளும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "அடுத்த வாரம் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்" என்ற பேச்சில் அந்த முப்பது நாள் கரைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசுவது முதலாளியின் வேலை. இருபதாம் நாள் அவர் மேசையில் ஒரு சீட்டு வைப்பது உங்கள் வேலை.

மார்ச் 31 தேதியிட்ட காசோலைகள் ஏப்ரலில் அனுப்பப்பட்டால் என்ன?

தணிக்கையாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். காசோலை எழுதிக் கையெழுத்திட்டதோடு முடிவதில்லை. கொடுக்கப்படும்போதே அது நிறைவடைகிறது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொல்கிறது. இழுப்பறையில் கிடக்கும் காசோலை கொடுத்த பணம் ஆகாது. ஆனால் நாம் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலைக் குறைத்துக் காட்டுவதற்காக மார்ச் 31 தேதியிட்டு இருபது காசோலைகளை எழுதி, பேரேட்டில் பற்றும் வைத்துவிட்டு, ஏப்ரல் நடுவில் ஒவ்வொன்றாக அனுப்பும் வழக்கம் இருக்கிறது. வங்கிக் கணக்கையும் நம் பேரேட்டையும் ஒப்பிடும் சரிக்கட்டல் பட்டியலில் 'கொடுத்தும் பணமாகாதவை' என்று அவை நீளமாக நிற்கும். அனுப்புகைப் பதிவேட்டின் தேதியோ வேறு கதை சொல்லும். பதிவேட்டில் பழைய தேதியை எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதில் உள்ள தேதியை உங்களால் மாற்ற முடியாது. ஆண்டின் கடைசி நாளில் கையில் மிஞ்சிய காசோலைகளுக்கு, முன்பு எழுதிய பற்றை நீக்கும் எதிர்ப்பதிவு போட்டு, கடனை மீண்டும் கடனாகக் காட்டுவதே சரியான வழி.

குறுந்தொழில், சிறுதொழில் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகை, ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாள்களுக்கு மிகாமல் கொடுக்கப்பட வேண்டும் என்ற சட்டமும் இருப்பதால், அனுப்பிய தேதியின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கிறது.

மூன்று மாதமாகியும் ஒருவர் காசோலையைக் கட்டவே இல்லை. தொகையை வருமானமாக எழுதிவிடலாமா?

2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்; அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. ஆயுள் முடிந்தது காசோலைக்குத்தான், கடனுக்கு அல்ல. எதிர்ப்பதிவு போட்டு அவர் பெயரில் கடனாக வைத்து, ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

நிறுவனத்தின் காசோலையை என் சொந்தக் கணக்கில் கட்டச் சொல்கிறார்கள், செய்யலாமா?

செய்யக் கூடாது, ஒருமுறைகூட. "வீட்டிலிருந்தபடியே காசோலைகளைப் பெற்று, உங்கள் கணக்கில் கட்டி, கமிஷன் போக மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் வேலைவாய்ப்பும் இதே வகைதான். பிறருடைய திருட்டுப் பணம் உங்கள் பெயரால் கடந்து செல்லும்; விசாரணை வரும்போது கணக்கு உங்களுடையது. ஏற்கெனவே சிக்கியிருந்தால் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

தவறாக எழுதிய இலையைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

குறுக்கே 'ரத்து' என்று பெரிதாக எழுதி, கையெழுத்து இருந்தால் அந்தப் பகுதியைக் கத்தரித்து நீக்கி, மீதியை அதன் அடிக்கட்டையோடு ஒட்டி வையுங்கள். சான்றுக்காக யாராவது ரத்துசெய்த காசோலை கேட்டால் கையெழுத்து இல்லாததையே கொடுங்கள்.

அடிக்கட்டைகளையும் பதிவேடுகளையும் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனி என்றால், கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்குரிய வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள காசோலையின் அடிக்கட்டை, திருப்புச் சீட்டு, தபால் ரசீது ஆகியவற்றைத் தனி உறையில் பிரித்து வைத்து, மேலே வழக்கு எண்ணை எழுதிவிடுங்கள். பழைய தாள்களை எடைக்குப் போடும் நாளில் அந்த உறை தப்பித்துக்கொள்ளும்.